தெருவைப் பார்த்த புகைக்குழாய்

எனக்குப் பெருமை பிடித்துக்கொண்டால் கண் தெரியாது. ஒருமுறை நிஜமாகவே தெரியாமல் போனது.

அறுபதுகளில் கல்யாணமாகி போர்ட் பிளேருக்கு வந்த புதிது. டெலானிபூர் மேட்டில் ஒரு மரவீடு. என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. (அதாவது ஒவ்வொரு மாசமும் "அடுத்த மாசம் உண்டா?" என்று பயந்து சாகும் உத்தியோகம்.) அந்தச் சமயத்தில்தான் அவர் ஆபீசில் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தது. பாதி விறகு போதுமாம், கண்ணும் எரியாதாம். சிமென்ட், குழாய், கொத்தனார் கூலி எல்லாம் இலவசம். ஆனால் மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வந்து, முதல் அடுப்பைப் பார்த்துச் சரி என்றால்தான் மற்ற வீடுகளுக்குக் கிடைக்கும்.

அந்த முதல் அடுப்பு எங்கள் வீட்டில்.

"இது மட்டும் நல்லா எரிஞ்சா என் வேலை பெர்மனென்ட்" என்றார் இவர்.

கொத்தனார் அனுபவசாலி. "தெருப்பக்கம் கடல்மா. வைகாசியில காத்து திரும்பிடும், நேரா குழாய்க்குள்ள அடிக்கும். பின்சுவத்துல வெச்சிடறேன்" என்றார்.

"பின்னால வெச்சா யார் கண்ணுக்குத் தெரியும்? அரசாங்கக் குழாய்யா! தெருப்பக்கமே வைங்க" என்றேன்.

வைத்தார். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் குழாய்க்குப் பொட்டு வைத்தேன். (சிரிக்காதீர்கள்.) அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் சம்சாரம் பாத்திமாக்கா பக்கத்து வீடு. தினமும் எட்டிப் பார்த்து, "எங்களுக்கு எப்போடி?" என்பார். "கப்பல் வரட்டும்க்கா" என்பேன், என்னவோ கப்பலே என்னுடையது போல.

தை மாசம் வரவேண்டிய அதிகாரி. அந்தக் கப்பல் ரிப்பேர், அடுத்ததில் இடமில்லை, அதற்கடுத்ததில் அவருக்குக் காய்ச்சல். அதுவரை அடுப்பு தங்கமாக எரிந்தது. மனுஷர் வந்து இறங்கியது வைகாசியில்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், முறுக்கு மீசை. நான் பட்டுப்புடவையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பங்கரையைச் சுற்றிப் பார்த்து, "துவான் கஹான் ஹை?" என்றார் சந்தோஷமாக. புகை எங்கே என்று கேட்கிறார்.

"நஹீ ஹை சாப்!" என்றார் இவர் நெஞ்சை நிமிர்த்தி.

அடுப்பு வாயைப் பார்க்க அதிகாரி குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பியது. குழாயில் நாலு மாசமாகச் சேர்ந்த கரியும் சாம்பலும் புகையும் மொத்தமாக உள்ளே இறங்கி அவர் முகத்தில் அடித்தன. அடுப்பங்கரையே இருண்டுபோனது. இருட்டுக்குள் இருமல் சத்தமும், "நஹீ ஹை சாப்... நஹீ ஹை..." என்று இவர் குரலும் மட்டும் கேட்டன.

"ஐயோ, வீடு பத்திக்கிச்சு!" என்று தெருவில் அலறியது பாத்திமாக்கா. ஜன்னல் வழியாக ஒரு வாளி தண்ணீர் வந்தது. குறி தப்பவில்லை, அதிகாரி தொப்பலாக நனைந்தார்.

சொட்டச் சொட்ட வெளியே போன மனுஷர் குழாயை அண்ணாந்து பார்த்தார். விரலை எச்சில் தொட்டு மேலே தூக்கிக் காற்றைப் பார்த்தார். இந்தப் பக்கம் வைத்தது யார் என்று இந்தியில் கேட்டார்.

"மைனே, சாப்" என்றார் இவர். நான்தான் என்கிறார்! வேலை போகப்போகிறது, அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லை சாப், மைனே! தெருவே பாக்கணும்னு நான்தான் வெக்கச் சொன்னேன்" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் கதறினேன்.

அதிகாரி என் பட்டுப்புடவையைப் பார்த்தார், குழாயில் இருந்த பொட்டைப் பார்த்தார், மீசையிலிருந்து சாம்பல் உதிர உதிரச் சிரித்தார். அடுப்பு நல்ல அடுப்பு, திசைதான் தப்பு. வீடு வீடாகப் போய்க் காற்று பார்த்துக் குழாய் வைக்க ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஆள் இவர்தான். முதலில் வைத்தது பாத்திமாக்கா வீட்டில், பின்சுவரில்.

இவர் ரிட்டையர் ஆகியே வருஷங்களாகிவிட்டன. போன மாசம் புது ஃபிரிட்ஜ் வாங்கினோம். "ஹாலில் வைக்கலாம், வர்றவங்க பார்க்கட்டும்" என்றேன். இவரும் மகனும் மகளுமாக மூன்று பேரும் விரலை எச்சில் தொட்டு மேலே தூக்கினார்கள்.

ஃபிரிட்ஜ் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது.