மஞ்சள் தொப்பியும் மூன்றாம் மாடி ஜன்னலும்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதுவது. இங்கு உன் அக்கா மிக நலம். அந்த நலம்தான் இப்போது பிரச்சினை.

டாக்டர் எங்கள் இருவரையும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நான் மூன்றாம் மாடி ஜிம்மில் சேர்ந்தேன். ஏசி, கண்ணாடி, பாட்டு, ஓடுவதற்கு மிஷின், எல்லாம் உண்டு. உன் அக்காவையும் கூப்பிட்டேன். "மூடின ரூம்ல அடுத்தவங்க வேர்வையை நான் ஏன் மோந்துக்கிட்டு நிக்கணும்? நீங்க பார்க்குக்கு வாங்க" என்றாள். "வெயில்ல அலைய நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கேட்டுவிட்டேன். ஜிம் ஜன்னல் அந்தப் பூங்காவைப் பார்த்துத்தான் இருக்கிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

போன திங்கட்கிழமை மிஷினில் ஓடிக்கொண்டே ஜன்னல் வழியே பார்த்தால், உன் அக்கா பக்கத்தில் ஒரு மஞ்சள் தொப்பி! தொப்பி ஏதோ சொல்கிறது, இவள் சிரிக்கிறாள். இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் இப்படிச் சிரித்ததில்லை மச்சான், எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் வேகமாக நடக்க, நான் பட்டனை அழுத்த, அவர்கள் இன்னும் வேகமாக, நான் இன்னும் அழுத்த, எவ்வளவு ஓடியும் ஜன்னலை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை, கடைசியில் மிஷின் என்னைப் பின்னால் தள்ளிவிட, பெரிய பந்து மேல் உட்கார்ந்திருந்த பேங்க் மேனேஜர் மடியில் போய் விழுந்தேன். தூக்கிவிட ஜிம் மாஸ்டரும் இல்லை, அவர் எப்போதும் லேட்டாகத்தான் வருவார். பூங்கா வாட்ச்மேனிடம் நைசாக விசாரித்தேன். "அம்மாவா? தினமும் தொப்பிக்காரரோடதான் சுத்துறாங்க சார்" என்றார். சுத்துறாங்களாம்! எந்த அர்த்தத்தில் சொன்னாரோ!

மறுநாளிலிருந்து ஜிம்முக்கு மட்டம் போட்டுவிட்டு, மரத்துக்கு மரம் ஒளிந்து அவர்கள் பின்னால் போகிறேன். செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் என் மேலும் விட்டார். ஒரு நாய் துரத்தியது. ஐந்து நாளாகியும் தொப்பியின் முதுகைத்தான் பார்த்தேன், அவ்வளவு வேகம். இத்தனை அவஸ்தையிலும் என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை, நன்றாகப் பசிக்கிறது, படுத்ததும் தூக்கம் வருகிறது. பொறாமையில் வேகிற மனுஷனுக்குத் தூக்கம் வரலாமா? எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ உடனே புறப்பட்டு வந்து, ஜிம்தான் உடம்புக்கு நல்லது என்று உன் அக்காவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் திடமாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். இதைத் தபாலில் போடப் போகிற வழியில் தொப்பியைக் குறுக்கே போய் மடக்கிவிட்டேன். எங்கள் ஜிம் மாஸ்டர்! "அங்க எனக்கே மூச்சு முட்டுது சார், அதான் காலைல இங்க வந்துடுறேன். ஜிம்ல சொல்லிடாதீங்க" என்றார். அப்படி என்ன சிரிப்பு என்று உன் அக்காவிடம் கேட்டேன். "நீங்க ஜன்னல்ல நின்ன இடத்துலயே ஓடினதைப் பாத்துத்தான். அப்புறம் மரத்துக்கு மரம் ஓடினீங்களே, அதைப் பாத்து. நேரா பக்கத்துல வந்து நடந்தா என்னவாம்? நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றாள்.

மூன்று சுற்று முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ஜன்னலில் அதே மிஷினில் பேங்க் மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டு ஓடுகிறார். நன்றாகப் பார்க்கட்டும் என்று உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.