மணையில் உட்காராத மாமன்

படித்தவர்களுக்கென்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. எதையும் கடைசி இரண்டு நாளில் படித்து முடித்துவிடலாம் என்பது. எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து பி.காம். வரை எல்லாப் பரீட்சையையும் அப்படித்தான் எழுதினேன். அரியர் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், இது சரியான முறை இல்லை என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. ஆகவே என் தொப்பையையும் இதே முறையில் ஒழித்துவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன்.

முதலில் தொப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் வேலைக்குப் போனவர்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் வயிறு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கு மதுரையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது. மூன்றே வருஷத்தில் வந்துவிட்டது. அம்மாவுக்கு இது என் டிகிரியைவிடப் பெருமை. டிகிரியைச் சுவரில்தான் மாட்ட முடியும். தொப்பை என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கே வருமே. தெரிந்தவர்கள் எதிரே வந்தால், "மகன் ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே என் சட்டையை லேசாக இழுத்துவிடுவாள். (ஆதாரம் காட்டுகிறாளாம்.)

அதை ஒழிக்க வேண்டிய அவசரம் அக்காவால் வந்தது. அக்கா செல்வி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அவள் எட்டாவதோடு நின்று அம்மாவுடன் நாற்று நடப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன். அவளைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நம்ம சனந்தான், ஆனால் சம்பந்தி வீட்டுக்குச் சொந்த நிலமும் கிணறும் இருந்தன. அந்தக் கிணற்றின் உயரத்திலிருந்துதான் அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். (கிணற்றுக்கு ஏது உயரம் என்று கேட்காதீர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பார்த்ததும் என் முகம் வாடிவிட்டது. குழந்தை என் மடியில் இல்லை. அலமாரியில் பொம்மையை வைத்த மாதிரி, தொப்பையின் மேல்தட்டில் இருந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று நாள் குறித்தார்கள். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். மறுபடியும் படம், மறுபடியும் அலமாரி.

இது போதாதென்று அக்கா போன் செய்தாள். மாமன் வீட்டில் சீர் செய்யச் சக்தி இருக்குமோ இருக்காதோ, பேசாமல் பிள்ளையின் சித்தப்பன் மடியிலேயே வைத்து முடித்துவிடலாமே என்று அவள் மாமியார் ஆரம்பித்தாராம். அக்கா ஒரு வாரம் சண்டை போட்டுத்தான் அதை நிறுத்தியிருக்கிறாள்.

"தம்பி, அன்னைக்குச் சபையில நம்ம வீட்டு ஆளா நீ ஒருத்தன்தேன் ஒக்காருவ. எனக்குத் தலைகுனிவு வராமப் பாத்துக்க" என்றாள்.

உட்கார்வதுதானே, அதில் என்ன தலைகுனிவு வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். என் உத்தியோகமே அதுதானே.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் ட்ரெய்னிங், சுருக்கமாக ஹிட். நாற்பது வினாடி உயிரைக் கொடுத்துக் குதிக்க வேண்டும். இருபது வினாடி மூச்சு வாங்க வேண்டும். மறுபடி குதிக்க வேண்டும். கொஞ்ச நேரம் செய்தாலே போதும், முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்போதும் உடம்பு கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்கும் என்று அதில் பேசியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வயிற்றில் துணி துவைக்கலாம் போல இருந்தது. மொத்தம் நான்கு வாரப் பயிற்சி. புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தை மெதுவாகத் தொடங்குங்கள் என்றும் சொன்னார். அதை நான் புத்தகத்தின் முன்னுரையைப் போல எடுத்துக்கொண்டேன். முன்னுரையிலிருந்து எந்தப் பரீட்சையில் கேள்வி வந்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில் முதல் இரண்டு வாரத்தை முடித்தேன். பெரும்பாலும் குதிக்கிற தோப்புக்கரணம். நடுநடுவே ஒரு காலை முன்னால் நீட்டி முழங்காலை மடக்கி இறங்கி ஏறுவது. முடித்தபோது கண் இருட்டியது. ஆனால் ஆபீஸுக்குப் போகும் வழியில் உடம்பு காற்றாக இருந்தது. இத்தனை சுலபமான பாடத்துக்கா நான்கு வாரம் என்று அந்தச் சிரித்த மனிதர்மேல் இரக்கம்கூட வந்தது. சனிக்கிழமை காலையில் தொடை லேசாக முனகியது. கண்டுகொள்ளாமல் மூன்றாவது, நான்காவது வாரங்களையும் முடித்தேன். சிலபஸ் ஓவர்.

சனிக்கிழமை மதியம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் மேஜையைப் பிடித்தும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், என் இடுப்புக்குக் கீழே யாரோ சிமெண்ட் கலவை ஊற்றிக் காயவைத்திருந்தார்கள். நிற்கலாம். மெதுவாக நடக்கலாம். முழங்காலை மடக்கினால் மட்டும் உயிர் போய்த் திரும்பி வந்தது. அந்த வீட்டில் இருந்தது தரையோடு தரையான டாய்லெட். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.

ஊரிலிருந்து அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எல்லோரும் வேனில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றிக்கொண்டார்கள் என்பதை அப்படியே அர்த்தம் கொள்ளலாம். பேரையூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் சம்பந்தி வீட்டுக் குலசாமி கோயில். வேனிலிருந்து ஏணியில் இறங்குகிறவன் போலப் பின்பக்கமாக இறங்கினேன். சீர்த் தட்டுகளோடு ஊர்வலம் புறப்பட்டது. நான் ஒரு அடி வைப்பதற்குள் மேளக்காரர்கள் நாலு அடி போய்விட்டு, திரும்பிப் பார்த்து, என் வேகத்துக்கு அடியைக் குறைத்துக்கொண்டார்கள். வழியில் நின்ற ஒரு பெரியவர், "மாமன் நடையில ஒரு முறுக்குத் தெரியுதேப்பா" என்றது காதில் விழுந்தது. முறுக்கு நடையில் இல்லை, தொடையில் இருந்தது.

கோயிலுக்கு முன்னால் பந்தல். நடுவில் மணை போட்டிருந்தார்கள். அரையடி உயரம்கூட இல்லாத பலகை. எனக்கு அது அந்தக் கிணற்றின் அடியில் கிடப்பது போலத் தெரிந்தது. மொட்டை போடுகிறவர் கத்தியோடு தயாராக இருந்தார். பூசாரி, மாமன் உட்காரட்டும் என்றார்.

நான் இரண்டு அங்குலம் இறங்கினேன். திரும்ப மேலே வந்துவிட்டேன்.

பூசாரி மறுபடி சொன்னார். மறுபடி இரண்டு அங்குலம். மூளை உத்தரவு போடுகிறது, தொடை கையெழுத்துப் போட மறுக்கிறது. மூன்றாம் முறை அழைத்தபோது நான் முயற்சி செய்யவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றேன். மேளம் நின்றது. பந்தலில் பேச்சு அடங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் சபையில் மாமன் உட்காராமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாமன் கோபித்துக்கொண்டான்.

அக்கா வீட்டுக்காரர் என்னருகே வந்தார். நல்ல மனுஷன், சண்டை என்றால் வியர்த்துவிடும். ஏன் மாப்ள நிக்கிற என்றார்.

"ஒக்கார முடியல மச்சான். தொடை பிடிச்சிருக்கு."

"ஒக்காந்தே வேல பாக்குற ஆளுக்குத் தொடை எப்பிடி மாப்ள பிடிக்கும்? ஃப்ளெக்ஸ்ல உன் படம் இல்லைங்கிற கோவந்தான? நேராச் சொல்லு."

"என்ன ஃப்ளெக்ஸ்?"

சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். கோயில் வாசலிலேயே பனைமர உயரத்துக்குக் காதணி விழா ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மச்சானின் தம்பி தயாரித்தது. அவருடைய கூட்டாளிகள் பன்னிரண்டு பேர் கூலிங் கிளாஸ் போட்டு அதில் நிற்கிறார்கள். தாய்மாமன் படமும் இல்லை, பேரும் இல்லை. தரையின் மேடுபள்ளத்தைத் தவிர எதையும் பார்க்கும் நிலையில் நான் இல்லாததால் அது என் கண்ணில் படவில்லை. ஆனால் மச்சானுக்கு என் கேள்வி வேறு மாதிரிக் கேட்டுவிட்டது. முகம் வெளிறி, நேராகத் தன் அப்பாவிடம் போய், அவன் குத்தலாகப் பேசுகிறான் என்று சொன்னார்.

மாமா, அதாவது அக்காவின் மாமனார், எழுந்து வந்தார். சபைக்கு நடுவில் என் கையைப் பிடித்து, ஃப்ளெக்ஸ் விஷயம் தப்புதான், சின்னவன் தெரியாமல் செய்துவிட்டான், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். பின்வரிசையில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். கிணறு வைத்திருக்கிற ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதை உட்கார்ந்தபடி பார்க்க அவருக்குத் தெரியவில்லை.

நெகிழ்ந்துபோய் உடனே உட்கார்ந்துவிடத்தான் நினைத்தேன். இரண்டு அங்குலம். திரும்ப மேலே. பார்த்தவர்களுக்கு, உட்காரப் போனவன் இன்னொன்றும் ஞாபகம் வந்து நிமிர்ந்துவிட்டான் என்று தோன்றியிருக்கிறது. "கல்யாணத்துல அவுக ஆளுகளக் கடைசிப் பந்தியில ஒக்கார வச்சோம்ல, அத இன்னும் மறக்கல" என்று அக்காவின் மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மாமா அதற்கும் மன்னிப்புக் கேட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன்.

மச்சானின் தம்பி கூட்டத்திலிருந்து எழுந்தார். நேரம் போகிறது, அவருக்கு இஷ்டமில்லையென்றால் நான் உட்காருகிறேன் என்றார். எதற்காக அக்கா ஒரு வாரம் சண்டை போட்டாளோ, அது என் கண் முன்னாலேயே நடக்கப் போகிறது. அதுவும் என் தொடையால்.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வேகமாக வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேட்டிக்குள் முழங்கால் நடுங்குவதைப் பார்த்தாள்.

"என்னடா செஞ்ச?"

மொட்டைமாடியில் குதித்ததைச் சொன்னேன்.

"மொதத் தடவ நடவுக்குப் போன மூணாம் நாளு மாதிரி இருக்கா?"

எனக்கு எப்படித் தெரியும், நான் நடவுக்குப் போனதில்லையே. ஆனாலும் தலையாட்டினேன். அன்றைக்கு என்னை நம்பிய முதல் ஆள் அவள்தான். அந்த வலியைப் பதின்மூன்று வயதிலேயே பார்த்தவள். எப்படியும் உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுவாள் என்று மூச்சு விட்டேன். அவள் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். மாமனார் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உதடு அசையாமல் சொன்னாள்:

"ஒக்காந்துறாத. இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."

அப்புறம் சபைக்குக் கேட்கிற குரலில் மாமனாரிடம் பேசினாள். "மாமா, அவன் ஃப்ளெக்ஸுக்காகவும் பந்திக்காகவும் நிக்கல. நான் பத்தாவது எழுதணும்னு இம்புட்டு நாளாக் கேக்குறேன். யாரும் காதுல போட்டுக்கல. அதுதேன் அவனுக்கு வருத்தம்."

அவள் பத்தாவது எழுத ஆசைப்படுவதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. வலியில் தாடை இறுகி, கண் சிவந்து, கால் நடுங்க நின்றேன். நேரில் பார்த்தவர்கள், அப்படி ஒரு கோபத்தைப் பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு இப்போது எதற்குப் பரீட்சை என்று மாமியார் முணுமுணுத்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி சொன்னார். மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"எழுதட்டும்னு சொன்னா ஒக்காருவியா தம்பி?"

எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னாள். "சாமி முன்னாடி சபையில சொல்லுங்க மாமா."

சொன்னார். பணம் கட்டி, பேரையூருக்கு ட்யூஷனுக்கும் அனுப்புவதாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இனி நிஜமாகவே உட்கார வேண்டும்.

அதற்கும் அவளே வழி செய்தாள். மரியாதைக்கு இரண்டு பேரும் கையைப் பிடித்து உட்காரவையுங்கள் என்று மச்சானையும் அவர் தம்பியையும் அனுப்பினாள். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, என்னைக் கிணற்றில் மோட்டார் இறக்குவது போல மெல்ல மெல்ல இறக்கினார்கள். பாதி வழியில் நான் போட்ட சத்தத்தில் மொட்டை போடுகிறவர் திடுக்கிட்டு, இன்னும் கத்தியையே வைக்கவில்லையே என்றார். கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டியது. பிள்ளையை மடியில் வைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அக்கா மேல எம்புட்டுப் பாசம் பாரு."

மொட்டை முடிந்தது, காதுகுத்து முடிந்தது. எல்லோரும் எழுந்துபோனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று பயந்து, முதல் பந்தியை நான் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து போட்டார்கள். அப்பாவையும் அம்மாவையும் எனக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்து, மாமாவே நின்று கறிக்குழம்பு ஊற்றினார். உடம்பு அன்றைக்கும் கொழுப்பை எரித்துக்கொண்டிருந்ததா என்று தெரியாது. மறுநாள் எடை பார்த்தபோது ஒரு கிலோ கூடியிருந்தது.

அக்கா தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள். கணக்கு மட்டும் இரண்டாம் முறை. மற்றதெல்லாம் முதல் முறையிலேயே. நடந்தது அவளுக்கும் எனக்கும் மச்சானுக்கும், அம்மா அப்பாவுக்கும் தெரியும். மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. அவர் ஊரில் என்னை ரோஷக்காரன் என்கிறார்கள். அங்கே எந்த விசேஷம் வந்தாலும் ஃப்ளெக்ஸை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் போனுக்கு அனுப்பிச் சம்மதம் கேட்கிறார்கள். நானும் நாலு மணி நேரம் கழித்து, கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்புகிறேன்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். மச்சானின் தம்பிக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலேயே மண்டபம் என்றாள். கண்டிப்பாக வாரேன் என்றேன்.

"சும்மா வராதடா. வெள்ளிக்கிழமையே மாடிக்குப் போயி அந்தக் குதிக்கிறத ஆரம்பிச்சுரு. ப்ளஸ் டூ பத்திப் பேசணும்."