பாகலூர் ரோஜாத் தோட்டத்தில் நான் இறங்கிய விதம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விமானத்திலிருந்து குதித்திருக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். அந்தப் பார்வை கிடைத்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். ஆனால் என் வீட்டு ஆள் யாராவது பக்கத்தில் இருந்தால் அது நடக்காது. மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார்கள். அதனால் இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆரோக்கியசாமி தொழிற்பேட்டையில் ஃபிட்டர். அம்மா ஃபிலோமினா வீட்டிலேயே தையல் தைப்பாள். ஒருநாள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. பெங்களூர்க் குழு ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் விமானத் திடலில் பாராசூட் பயிற்சி தருகிறதாம். மூன்று நாள் தரையில், நான்காம் நாள் வானத்தில். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்.

மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் நின்றுவிட்டேன். தைரியம் என்று எதுவும் எனக்குக் கிடையாது (மேலே பல்லி விழுந்தால் நான் போடும் சத்தம் மூன்றாவது தெரு வரை கேட்கும்). எனக்கு இருந்ததெல்லாம் சந்தேகம்தான். குதிக்கிறவர்களுக்கு மூச்சு அடைக்குமா? கத்தினால் அந்தச் சத்தம் அவர்களுக்கே கேட்குமா? பிசிக்ஸ் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் போர்டு நிறையக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில், "ஆக, விழும்" என்றார். அது எனக்குப் போதவில்லை.

பாதிக் கட்டணம் என்பது அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டார். சர்டிபிகேட் தருவார்கள் என்றேன். (பொய் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்திருந்த பணத்தை அம்மா எடுத்துக் கொடுத்தாள். மெஷின் எங்கே ஓடிவிடப் போகிறது என்றாள்.

செலவு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். அப்புறம் கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸ். அதற்கப்புறம் முத்திரைத்தாளில் ஒரு பத்திரம், அப்பா கையெழுத்தோடு. ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பத்திரத்தை அப்பா யூனியன் ஆபீஸில் கொடுத்து முதல் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டு, நேரே திடலுக்கே வந்துவிட்டார்.

பயிற்சி தந்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கேப்டன் என்போம். அப்பா அவரிடம் பணிவாகக் கேட்டார்.

"சார், இவ செத்துப் போனா இவ உங்க மேல கேஸ் போடக் கூடாதுன்னு எழுதியிருக்குது. செத்தப்புறம் இவ எப்படி சார் போடுவா?"

கேப்டன் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்த்தார். "அது ரூல்ஸு" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். ஆலையில் எதற்கும் காரணம் கேட்டுப் பழகியவர், ரூல்ஸ் என்றால் மட்டும் அடங்கிவிடுவார்.

மூன்று நாளும் ஒரு மேசை மேலிருந்து மண்ணில் குதித்துக்கொண்டே இருந்தோம். கால் இரண்டையும் சேர்த்து வைத்து இறங்கவேண்டும், இறங்கியதும் பக்கவாட்டில் உருளவேண்டும். முதலில் பாதம், அப்புறம் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, கடைசியில் தோள். இந்த வரிசை தப்பினால் எலும்பு போய்விடும் என்று கேப்டன் சொன்னார். நான் தூக்கத்திலும் உருண்டேன். கட்டிலில் இருந்து இரண்டு தரம் விழுந்தேன், வரிசை தப்பாமல்.

நான்காம் நாள் அப்பா லீவு போட்டுவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சின்ன விமானம். கதவு கிடையாது. பாராசூட்டின் நாடாவை உள்ளே ஒரு கொக்கியில் மாட்டியிருந்தார்கள். நாம் விழுந்தால் அதுவே இழுத்துத் திறந்துவிடும். கேப்டனின் உதவியாளர் தோளில் தட்டினார். நான் போய்விட்டேன்.

என் சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்தன. மூச்சு அடைக்கவில்லை. கத்தினேன், எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் லாரி ஓடுவது போல ஒரு இரைச்சல். பிறகு யாரோ முதுகுச் சட்டையைப் பிடித்து மேலே தூக்கியது போல வெடுக்கென்று ஓர் இழுப்பு. அதற்குப் பின் அப்படி ஓர் அமைதி. கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. பஸ் ஹாரன் கேட்டது. யாரோ துணி துவைக்கிற சத்தம்கூடக் கேட்டது. வானத்தில் இருந்தால் பூமி இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. திடலில் நின்று ஒலிபெருக்கியில் கேப்டன் இடது கயிற்றை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். வலது என்றார். அதையும் இழுத்தேன். போகப்போக அவர் குரல் சின்னதாகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

பாகலூர்ப் பக்கம் முனியம்மா என்பவரின் ரோஜாத் தோட்டத்தில் இறங்கினேன். கால் பட்டதும் கற்றுக்கொடுத்தபடியே உருண்டேன், முள்ளின் மேல். அதற்குள் காற்று பாராசூட்டை மறுபடி நிரப்பி, என்னை வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு போனது. செடி வெட்டுகிற கத்தரியோடு முனியம்மா பக்கத்திலேயே ஓடி வந்தார்.

"யார மகளு நீனு?" என்று கன்னடத்தில் கேட்டார். இந்த நிலைமையிலும் யார் மகள் என்று கேட்கிறாரே என்று நினைத்தபடி, "ஆரோக்கியசாமி மக" என்றேன். அப்பா பெயர் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கவேண்டும். என்னைக் காப்பாற்ற முடிவு செய்துவிட்டார். பாராசூட்டின் கயிறுகளை ஒவ்வொன்றாக நறுக்க ஆரம்பித்தார்.

அந்தக் கயிற்றின் விலை எனக்குத் தெரியும். வெட்டவேண்டாம் என்று கெஞ்சினேன். வலியில் புலம்புகிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். பயப்படாதே என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தைரியம் சொல்லிக்கொண்டே கடைசிக் கயிறு வரைக்கும் வெட்டினார். நான் நின்றேன். பாராசூட் மட்டும் தனியாகப் போய் முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது.

ஜீப்பில் வந்து இறங்கிய கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. வேலியைத்தான் பார்த்தார். "நாப்பத்திரெண்டு கிலோ. காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று என் எடையைக் காட்டி அவரே ஒரு காரணமும் சொல்லிவிட்டார். நான் அதை மறுக்கவில்லை. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்த அப்பா, பத்திரத்தில் கிழிகிற துணியைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லையே என்று முனகினார். அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது.

சாயங்காலம் அம்மா என்னைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஊசியால் முள் எடுத்தாள். பாதத்தில் ஆரம்பித்து, கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள். கேப்டனின் பாடம் அப்படியே வரிசையாக என் இடது பக்கத்தில் குத்தியிருந்தது. பாதி எடுத்ததும் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மேலருந்து என்னாடி தெரிஞ்சுது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று முழுக்க யாருமே கேட்காத கேள்வி. அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா. கண்ண மூடிக்கிட்டேன்."

"எப்ப வரைக்கும்?"

"ரோஜா வர்ற வரைக்கும்."

ஊசி அப்படியே நின்றது. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. அப்பா என்னவென்று கேட்டு உள்ளே வந்தார். அவள் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்து அந்தப் பாராசூட்டுக்கான பணத்தைக் கட்டி முடித்த அன்றுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. முனியம்மா செடிகளுக்குக் காசு வாங்கவில்லை. அவர் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு வருடம் அம்மா கூலியில்லாமல் ஜாக்கெட் தைத்தாள். அவளுக்கு மெஷின் வந்ததும் அதற்குப் பிறகுதான். எனக்குச் சர்டிபிகேட் வரவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குக் காசு செலவு பண்ணிவிட்டு வந்தாலும் கேள்வி ஒன்றுதான். சினிமாவோ, சுற்றுலாவோ, மாப்பிள்ளை பார்த்ததோ, "கண்ணத் தொறந்து பாத்தியா?" என் கல்யாணத்தில் பாதிரியார் முன்னால் நிற்கும்போது தம்பி பின்னாலிருந்து அதையே கேட்டான்.

போன வருடம் அம்மா முதல்முறையாக விமானம் ஏறினாள், தம்பி வீட்டுக்கு, டெல்லிக்கு. ஜன்னல் சீட். இறங்கியதும் எனக்குத்தான் போன். மேகம், ஆறு, தீப்பெட்டி போல வீடுகள், இறக்கையில் ஆடிய ஒரு தகடு என்று அரைமணி நேரம் ஒன்று விடாமல் சொன்னாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம்தான்" என்றாள். "ஆனா டிக்கெட்டுக்குக் காசு குடுத்திருக்கோமில்ல."