எல்லா அம்புக்குறிகளும் ஒரே இடத்துக்கு

மின் இணைப்பு அலுவலகத்தில் 'கணித முறை நிர்வாகம்' அமலுக்கு வந்த மூன்றாம் நாள், தையல்காரம்மாவின் ஒரே மனுவுக்கு இரண்டு பதில்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில் 'இணைப்பு வழங்கப்படுகிறது'. மற்றதில் 'மறுக்கப்படுகிறது'. இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து.

பாவம், மோட்டார் மெஷின் வாங்கி வைத்துவிட்டுக் பழைய மெஷினையே காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். கடைக்குக் கரண்டு வராவிட்டால் பள்ளிக்கூடத்து முந்நூறு சீருடையும் கைநழுவிவிடும். கடிதங்களோடு ஓடினாள்.

"ஐயா, இதுல எது நிஜம்?"

அதிகாரி ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவர். உடனே பலகையில் இரண்டு வட்டம் போட்டார்.

"இங்க மனுக்கள், அங்க பதில்கள். ஒரு மனுவிலிருந்து ஒரே ஒரு அம்புக்குறிதான் கிளம்பணும். உங்களோடதுல ரெண்டு கிளம்பிருக்கு. கணக்குப் பாடத்துல சொல்ற சார்பே இல்லம்மா இது!"

"அப்போ மறுக்கிற அம்பை அழிச்சிடுங்க."

"எதை அழிக்கிறதுன்னு முடிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்லையே."

"ரெண்டையும் அழிங்க. புதுசா மனு போடறேன்."

"ஐயய்யோ! பதில் இல்லாத மனு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

ஓரமாக நின்ற குமாஸ்தா கேட்டார்: "சார், பல மனுவுக்கு ஒரே பதில் போகலாமா?"

"தாராளமா! ஆயிரம் மனுகூட ஒரே பதில்ல போய் விழலாம். விதி அதைத் தடுக்கல..." என்றவர் சட்டென்று பலகைக்குத் திரும்பி, எல்லா அம்புகளையும் ஒரே புள்ளிக்கு இழுத்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

அடேயப்பா, அன்று மாலைக்குள் பழைய பதில்கள் எல்லாம் ரத்தாகி, நாலாயிரம் மனுக்களுக்கும் புதுப் பதில் தயார்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' கரண்டு கேட்டவருக்கும் அதே, கரண்டே வேண்டாம் என்றவருக்கும் அதே. கம்பம் வீட்டின் மேல் சாய்கிறது என்று எழுதியவருக்கும் அதேதான். மேலிடம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அதே உறையில், அவர் கேட்டிருந்த பதவி உயர்வும் பரிசீலனையில் இருப்பதாகத் தகவல் வந்தது.

தையல்காரம்மா தன் கடைக்கு வந்து கொதித்தாள்.

"யார் என்ன கேட்டாலும் ஒரே பதிலாம்! இவங்கல்லாம் மனுஷங்களா?"

"அது கிடக்கட்டும் அண்ணி, என் சட்டை எப்போ?" என்றாள் நாத்தனார்.

"நாளைக்கு."

வாசலில் பள்ளிக்கூடத்துக்காரர் நின்றார். "அம்மா, சீருடை?"

"நாளைக்குங்க, கண்டிப்பா."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க" என்றபடி அவர் துணி மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டார். ஐயோ என்று அவள் தலையில் கை வைத்தாள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் படியேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அதையே சொன்னாள்.

அந்தக் கடையிலிருந்து இதுவரை ஒருவர்கூடப் பதில் இல்லாமல் திரும்பியதில்லை. ஒருவருக்கும் இரண்டு பதில் கிடைத்ததுமில்லை.