வெங்கடசாமியின் கெட்டில் விசாரணை

"கெட்டில் போயிடுச்சுங்க," என்றாள் யசோதா சமையலறையிலிருந்து.

"எங்க போச்சு?" என்றார் வெங்கடசாமி, கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கயும் போகல, செத்துப்போச்சு. சுவிட்சைப் போட்டேன், டப்புன்னு ஒரு சத்தம், ஒரே புகை. சாயங்காலம் வரும்போது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

"ம்."

1999 ஜூன் மாதத்தில் அவர் சொன்ன அந்த 'ம்' காரியமாவதற்கு ஐந்து வாரம் பிடித்தது.

வெங்கடசாமி ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். கன்னடத் தலைநகரின் ஜோகுபாளையத்தில் மாடி வீடு. மகள் வீணா போன வருஷம் மைசூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டு மனிதர்களும் ஒரு கம்ப்யூட்டரும். மூன்றில் அதிகம் சத்தம் போட்டது கம்ப்யூட்டர்தான். எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்து பாகம் பாகமாக வாங்கி, அவரே பூட்டிய கம்ப்யூட்டர் அது. அதனால் அதற்கு மூடி கிடையாது. எப்போதும் எதையாவது பிடுங்கி எதையாவது சொருக வேண்டியிருந்தது.

அவரைப் போலவே கம்ப்யூட்டர் பித்துப் பிடித்த முப்பத்தொரு பேர் சேர்ந்து ஒரு மெயில் குழு வைத்திருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டு மெயில் போட்டால் அத்தனை பேருக்கும் போகும். வெங்கடசாமி அன்றைக்கே கேட்டார்: "ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்க வேண்டும். எது நல்லது?"

மறுநாள் நாற்பத்துமூன்று பதில்கள் வந்திருந்தன.

ஸ்டீலா பிளாஸ்டிக்கா என்று இரண்டு பேர் ஆரம்பித்து, பதினோராவது மெயிலில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், இப்போது வாங்க வேண்டாம், ஆறு மாதம் பொறுத்தால் இதைவிட வேகமானது வரும் என்றார். இன்னொருவர், இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களைப் போலக் கெட்டில்களும் நின்றுபோகுமா என்று கவலைப்பட்டார். குழுவிலேயே இளையவனான ப்ரஹ்லாத் பதினான்கு கட்டங்கள் போட்டு ஓர் அட்டவணை அனுப்பியிருந்தான்.

நாற்பத்துமூன்றாவது பதில் 'ரசமட்டம்' என்ற பெயரில் வந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன் குழுவில் சேர்ந்து, இதுவரை வாயே திறக்காத ஆள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரைப் பார்த்து, யாரோ ரிட்டயர்டு சிவில் இன்ஜினியர் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் வெங்கடசாமிக்கு மட்டும் தனியாக, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்: "எத்தனை பேருக்கு வெந்நீர்?"

"இரண்டு பேருக்கு, சார்."

மறுநாள் மத்தியானம் பதில் வந்திருந்தது: "ஒருவர் நீங்கள். இன்னொருவர்?"

"என் மனைவி."

அதற்கும் மறுநாள்: "அவர் எந்த மாதிரி கெட்டில் கேட்டார்?"

வெங்கடசாமி அதை இரண்டு தடவை படித்தார். சமையலறையில் யசோதா ஸ்டவ்வில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் கேட்கவில்லை, சார்," என்று உண்மையை அடித்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரஹ்லாதும் அதே குழுவைச் சேர்ந்த ராகேஷும் வீட்டுக்கு வந்தார்கள். வெங்கடசாமியை 'குரு' என்றே கூப்பிடும் ராகேஷுக்குப் புதுப் பொருள் வாங்குவது என்றாலே அவமானம்.

"எதுக்கு குரு புதுசு? ஓல்டு கெட்டிலைக் கொடுங்க. எலிமென்ட் மாத்தி, கம்ப்யூட்டரோட கனெக்ட் பண்ணிடலாம். மவுஸ் கிளிக் பண்ணா வெந்நீர்."

"அண்ணி நம்மளை மறக்கவே மாட்டாங்க," என்றான் ப்ரஹ்லாத்.

அண்ணி மறக்கவில்லைதான். நாலு மணி நேரம் கழித்துக் கெட்டில் கொதித்தது. ஆனால் மவுஸுக்குக் கட்டுப்படவில்லை. ஒயரை எங்கே மாற்றிக் கொடுத்தார்களோ, மோடம் டெலிபோனில் டயல் செய்து கீச்சிடும்போது மட்டும் கெட்டில் கொதித்தது.

"ஆக, எனக்கு டீ வேணும்னா நீங்க இன்டர்நெட்டுக்குப் போகணும்," என்றாள் யசோதா.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அண்ணி. நெக்ஸ்ட் சண்டே சரி பண்ணிடறோம்," என்றான் ராகேஷ்.

அடுத்த ஞாயிறு சரி செய்தார்கள். சரி செய்ததும், கெட்டில் முழுசாக ஆறும்வரை மோடம் லைனை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் முழுக்க டெலிபோன் எங்கேஜ்டு. வீணா ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிடும் நேரம் அது. யசோதா போனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு எழுந்து ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததால் கோபமில்லை என்று வெங்கடசாமி எடுத்துக்கொண்டார். இருந்தாலும் மனசு உறுத்தியது. ப்ரஹ்லாதின் அட்டவணையில் முதலிடம் பிடித்த கெட்டிலை மறுநாளே வாங்கி வந்தார். அது ஆபீஸ் கேன்டீன்களுக்காகச் செய்தது. ஐந்து லிட்டர் பிடிக்கும். சமையலறைக் குழாய்க்கு அடியில் நுழையவில்லை. அதன் பெரிய பிளக் சமையலறை சாக்கெட்டிலும் நுழையவில்லை. வீட்டில் அந்த அளவு சாக்கெட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாத்ரூமில், கீசருக்கு.

நாலு நாள் அவர்கள் வீட்டு டீ பாத்ரூமில் தயாரானது. குளிப்பவர் வெளியே வந்தால்தான் டீ. டீக்குத் தண்ணீர் கொதித்தால்தான் குளியல். பால்காரர் காலிங் பெல் அடித்தபோது யசோதா தலையில் துண்டும் கையில் வடிகட்டியுமாகப் போய்க் கதவைத் திறந்தாள். ஐந்தாம் நாள் அவள் மறுபடி ஸ்டவ்வுக்கே திரும்பினாள்.

வெங்கடசாமி எல்லாவற்றையும் ரசமட்டத்துக்கு எழுதினார். தினமும் மத்தியானம் பதில் வந்துவிடும். அதில் கெட்டிலைப் பற்றி அதிகம் இருக்காது.

"உங்கள் மனைவி டீக்கு எவ்வளவு சர்க்கரை போட்டுக்கொள்வார்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். வெங்கடசாமிக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

"என்ன வேணும்?"

"தண்ணி."

ஒரு டம்ளர் குடித்தார். யசோதா டீயைக் கையில் எடுக்கவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தார். மூன்றாவது டம்ளரில்தான் பார்த்தார். அவள் தன் டீயில் சர்க்கரையே போடவில்லை.

"சர்க்கரையே போடுவதில்லை, சார்! எப்போதிலிருந்து என்று தெரியவில்லை," என்று அவசரமாக எழுதினார்.

மறுநாள் பதில் வந்தது: "அதை ஏன் எனக்கு எழுதுகிறீர்கள்? அவரிடம் கேளுங்கள்."

அன்று சாயங்காலம் வெங்கடசாமி டீயை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் போகாமல் சமையலறையிலேயே உட்கார்ந்தார். யசோதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ எப்பலேர்ந்து சக்கரையை விட்ட?"

"ரெண்டு வருஷமாச்சு. எங்கம்மாவுக்கு சுகர்னு டாக்டர் சொன்னாரே, அப்ப பயந்துபோய் விட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். நீங்க 'ம்'ன்னீங்க."

வெங்கடசாமி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப டெஸ்ட் எடுத்தியா?" என்றார். எடுத்ததாகவும், ஒன்றுமில்லை என்று வந்ததாகவும், அந்தக் காகிதத்தை இரண்டு நாள் அவருடைய கீபோர்டு மேலேயே வைத்திருந்ததாகவும் அவள் சொன்னாள். அவருக்கு நினைவு வந்தது. மவுஸை வைத்துத் தேய்க்க வழவழப்பாக இருக்கிறதே என்று அதை உபயோகப்படுத்தியிருந்தார். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்று மோடம் கத்தவில்லை. மறுநாள் மத்தியானம் ரசமட்டத்திடமிருந்து கடைசி யோசனை வந்தது: "அட்டவணையைக் கிழித்துப்போடுங்கள். மனைவியைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். வாயைத் திறக்காதீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனார்கள். அட்டவணையைக் கிழிக்க மனசு வராமல் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். கடைக்காரர் ஆறு கெட்டில்களை வரிசையாக வைத்தார். யசோதா ஒவ்வொன்றையும் தூக்கி, டீ ஊற்றுவது போல மணிக்கட்டைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கையாலேயே மூடியைத் திறந்து மூடினாள். நாலாவது, சின்ன வெள்ளைக் கெட்டில்.

"இது."

"வாட்ஸ் பாக்க..." என்று ஆரம்பித்த வெங்கடசாமி வாயை மூடிக்கொண்டார்.

"மூடியைத் தொட்டா கை சுடாது. ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும்," என்றாள் யசோதா.

மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. மிச்ச சாயங்காலத்தை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு மசாலா தோசை சாப்பிட்டார்கள். ஆட்டோ பிடிக்காமல் அல்சூர் ஏரி வழியாக நடந்தார்கள். வீணா புது ஊரில் கன்னடத்திலேயே சண்டை போடக் கற்றுக்கொண்டதை யசோதா நடித்துக் காட்டினாள். வெங்கடசாமி நடுரோட்டில் நின்று சிரித்தார். தன் மனைவி இத்தனை நன்றாக நடிப்பாள் என்பது அவருக்குப் புதுச் செய்தி. வீடு வந்ததும், மோடத்தின் ஒயரை அவரே பிடுங்கி வைத்தார். எட்டரைக்கு வீணாவின் போன் வந்தது.

"அப்பா, என்ன ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறீங்க?" என்றாள் வீணா.

இத்தனைக்கும் காரணமான மனிதரை நேரில் பார்த்து நன்றி சொல்லாமல் இருக்க வெங்கடசாமியால் முடியவில்லை. வீட்டுக்கு டீ சாப்பிட வரச்சொல்லி எழுதினார். பதில் இல்லை. ஆளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ராகேஷிடம் கொடுத்தார். அவன் மெயில்களின் தலையிலிருந்த, அனுப்பிய இடத்தைக் காட்டும் எண்களை மூன்று நாள் துருவிவிட்டு வந்தான்.

"ஆள் ஆஸ்திரேலியாவுல இருக்காரு குரு. கன்ஃபர்ம்."

ப்ரஹ்லாத் மெயிலை அடிவரைக்கும் படித்தான். அங்கே, பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் மௌரீன் என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டரின் விளம்பரம் தானாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வெங்கடசாமி ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, அரைக் கிலோ மைசூர்பாகுடன் அங்கே போனார். மாடிப்படிக்குப் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டர் வைத்த சின்னக் கடை. கவுன்ட்டரில் பூப்போட்ட கவுன் அணிந்த ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"இங்க ரசமட்டம்னு ஒரு சார் வந்து மெயில் அடிப்பாராமே. அவரைப் பாக்கணும்."

"நீங்க யாரு?"

"என் பேர் வெங்கடசாமி. ஜோகுபாளையம். பெரிய உதவி பண்ணியிருக்காரு. கையில இதைக் கொடுத்து ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிடறேன்."

மௌரீன் பின்னல் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு, அவரையும் மைசூர்பாகு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது சார் இல்ல மேன், உங்க வீட்டு யசோதா! எழுதிக் கேட்டாத்தான் புருஷன் பதில் சொல்றாருன்னு, மூணு மாசமா மத்தியான சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட வந்து கம்ப்யூட்டர் கத்துக்கறாங்க."