கரண்ட் வேண்டாத மெஷின்

முதல் மெஷின் தேவாலயத்துக்குள் பதினொரு பந்துகளை வீசியபோது ரதாமேஸ் மைதானத்திலேயே இல்லை. கரண்ட் போய்விட்டதால் பையன்களோடு மூலைக்கடையில் நின்று குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்துவிட்டு வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கரண்ட் வந்துருச்சூ!" என்று தெருவே ஒரே குரலில் கத்தியது.

பிறகு மைதானத்துப் பக்கமிருந்து டப், டப், டப் என்று சத்தம் வந்தது. சற்று நேரத்தில் போதகர் காணிக்கைக் கூடை நிறையப் பந்துகளோடு வந்து நின்றார்.

"மேலேருந்து ஏதாவது இறக்கும் ஆண்டவரேன்னு இப்பதான்யா ஜெபம் பண்ணினேன். இது ஜன்னல் வழியா வரும்னு நெனைக்கல."

"யாருக்கும் அடி படலையே?"

"ஆளுக்குப் படல. மேளம் கிழிஞ்சு போச்சு. சங்கீதம் எல்லாம் இனி கைதட்டுலதான்."

ரதாமேஸ் அந்த மெஷினுக்கு அன்றே கும்பிடு போட்டார்.

லோஸ் கோகோஸ் ஊர்ப் பையன்களுக்கு அவர் ஒன்பது வருடமாகப் பேஸ்பால் மாஸ்டர். அந்த ஒன்பது வருடமும் தலை நிமிர்ந்தே நடந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லா பர்ராங்காகாரர்கள் திடீரென்று எந்தப் பந்தையும் விடாமல் வெளுத்து வாங்க ஆரம்பித்தார்கள். விசாரித்தால், அவர்களுடைய மாஸ்டர் லியோகாதியோ பந்து வீசும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து சாக்குத் தடுப்புக்குள் வைத்திருக்கிறானாம். கிட்டப் போய்ப் பார்க்க யாரையும் விடுவதில்லையாம்.

மூலைக்கடை டொமினோ மேஜையில் ரதாமேஸ் அவனிடம் நேராகவே கேட்டுப் பார்த்தார்.

"எந்த கம்பெனிய்யா அது?"

"அதை மட்டும் கேக்காத. கரண்ட் வேணாம், பேட்டரி வேணாம். மோட்டார் சைக்கிள் பின்னாடியே வந்து இறங்கிடும். வேகமாவும் போடும், வளைச்சும் போடும். பையன் தப்பு பண்ணினா அதுக்கே தெரிஞ்சுடும்யா!" என்று லியோகாதியோ மீசையைத் தடவினான்.

ரதாமேஸுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே ஊர் விளையாட்டுச் சங்கத் தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தலைநகரத்துக் கடையிலிருந்து மூன்று மெஷின்கள் பத்து நாள் பரீட்சைக்கு வருகின்றன. ரதாமேஸ் அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை லா பர்ராங்காவிடம் மறுபடியும் தோற்றால், டீமே சங்கத் தலைவரின் மாப்பிள்ளை கைக்குப் போய்விடும். அந்த மாப்பிள்ளை பேஸ்பாலை டிவியில் மட்டுமே பார்த்தவன்.

தேவாலயத்தைத் தாக்கியது அதில் முதலாவது. இரண்டாவது மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம். காலால் மிதித்தால் ஸ்பிரிங் தள்ளி விடும். கிட்டத்தட்ட லியோகாதியோ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது என்று ரதாமேஸ் பூரித்துப் போனார். மிதித்தார். பந்து நிதானமாக மேலே எழுந்து, யோசித்து, கீழே வந்தது. அடிப்பதற்கு நின்ற யெய்சன் அதற்குள் இரண்டு முறை பேட்டைச் சுழற்றிவிட்டுக் கொட்டாவியும் விட்டான்.

"மாஸ்டர், இது கோழிக்குத் தீனி போடுற மெஷினா?"

"வாயை மூடுடா. வேகம் ஏத்திக்கலாம்."

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஸ்பிரிங்கைக் கழற்றி அதில் மாட்டினார். இந்த முறை மிதித்ததும் பந்து அப்படியே இருந்தது. மெஷின் எகிறிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது.

மூன்றாவது பேட்டரி மெஷின். சின்னது, ஒரு கையால் தூக்கலாம். கூடவே வந்த பேட்டரி அரை மணி நேரத்தில் உயிரை விட்டது. சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. ரதாமேஸ் வீட்டுக்கு ஓடி, மனைவி நூரிஸுக்குத் தெரியாமல் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

இந்த நூரிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடி அலங்காரம் அவளுடைய தொழில். காலையில் பாப்போவின் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி, பாலம் தாண்டி லா பர்ராங்காவுக்குப் போய் அங்கே முடி வேலை. மத்தியானம் திரும்பி வந்தால் வீட்டுக் கொல்லையில் முடி வேலை. கொஞ்ச நாளாகவே ராத்திரி ஆனால் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொள்கிறாள். "உலர்த்துற மெஷினைத் தூக்கித் தூக்கித் தோள் போச்சு" என்பாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மூலைக்கடையில் வைத்து அவள் தானாகவே கேட்டாள்.

"பையங்களுக்குப் பந்து போட நான் வரட்டுமா? சர்க்கரை ஆலை பொம்பளை டீமுக்கு ஆறு வருஷம் போட்டிருக்கேன்."

"அது சாஃப்ட்பால். இது பேஸ்பால். முடியைச் சுருட்டுற கை பந்தைச் சுருட்டுமா?" என்று ரதாமேஸ் சிரித்த சிரிப்பில் மூலைக்கடையும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரியை மாட்டியதும் சின்ன மெஷினுக்குப் பேய் பிடித்துக்கொண்டது. முதல் பந்து மைதானத்தை ஒட்டிய தகர வேலியைத் தாண்டி நேராக ரதாமேஸின் கொல்லைக்குள் போய் விழுந்தது. சளக் என்று ஒரு சத்தம். நூரிஸ் சிவப்பு பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்த பானை அங்கேதான் இருந்தது. இரண்டாவது பந்தும் அதே பக்கம் போனது. அத்தோடு மெஷினிலிருந்து புகை கிளம்பியது.

வேலிக்கு மேலே நூரிஸின் தலை தெரிந்தது. முகத்தில் பீன்ஸ் குழம்பு வடிந்தது.

"ஃபேன் நின்னு போச்சு, உலர்த்துற மெஷின் நின்னு போச்சு, ஒருத்தி பாதித் தலையோட உக்காந்திருக்கா! இன்வெர்ட்டர் பேட்டரி எங்கய்யா?"

ரதாமேஸ் பதில் தேடுவதற்குள் அவள் கை ஒருமுறை சுழன்றது. நாற்பதடி தூரத்திலிருந்து வந்த பந்து அவர் தலைமுடியைத் தொடாமல் தொப்பியை மட்டும் தட்டிக்கொண்டு போனது. இரண்டாவது பந்து வலது பக்கம் போவது போலப் போக்குக் காட்டிவிட்டு, கடைசி நேரத்தில் உள்ளே திரும்பி யெய்சனின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. அவன் கையுறையை அசைக்கக்கூட இல்லை.

பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் கை தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ரதாமேஸ் வாயைப் பிளந்தபடி நின்றார்.

ஞாயிறுக்கு ஆறு நாள்தான் இருந்தது. மூன்று மெஷினும் போயிற்று. ஆனால் "அருமையான மெஷின் ஒண்ணைப் பொறுக்கிட்டேன்" என்று தலைவரிடம் காலையிலேயே அடித்து விட்டிருந்தார். ராத்திரி தைலப் புட்டியைத் தானே எடுத்து நூரிஸின் தோளில் தேய்த்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"வெளியில தெரியக் கூடாது. தார்ப்பாய் கட்டி உள்ளே உன்னை..."

அவள் கோபப்படுவாள் என்று பயந்திருந்தார். கோபம் வரவில்லை.

"காலையில எனக்கு வேலை இருக்கு. சாயங்காலம்னா வரேன். ஓட்டையை என் கண்ணு ஒசரத்துக்கு வை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு பாட்டில் தண்ணி. சத்தத்துக்கு என் முடி உலர்த்துற மெஷினை ஓட விடணும். சத்தம் இல்லன்னா பசங்க மோப்பம் பிடிச்சுடுவாங்க."

இத்தனையும் இவளுக்கு எப்படி அதற்குள் தோன்றியது என்று ரதாமேஸ் ஆச்சரியப்பட்டார். என் பெண்டாட்டிக்கு மூளையும் இருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமையும் பட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், ரதாமேஸ் தார்ப்பாய்க்கு வெளியே நின்று எதற்கும் இணைக்காத சுவிட்ச் ஒன்றைத் தட்டுவார். உள்ளே ர்ர்ர் என்று உறுமும். பந்து பறந்து வரும். பையன்கள் முதல் நாள் காற்றை மட்டும் அடித்தார்கள். இரண்டாம் நாள் பந்தைத் தொட்டார்கள். மூன்றாம் நாள் கரண்ட் போய் உறுமல் நின்றது. பந்து நிற்கவில்லை.

"மாஸ்டர், கரண்ட் இல்லாமயே வருதே!"

"மிச்சம் இருக்குற கரண்ட்ல ஓடுதுடா. நல்ல கம்பெனி."

நாலாம் நாள் உள்ளேயிருந்து, "முழங்கையைத் தூக்குடா யெய்சன்!" என்று ஓர் அதட்டல் வந்தது.

"மாஸ்டர்! மெஷின் பேசுது!"

"புது மாடல். சொன்னதைச் செய்!"

யெய்சன் முழங்கையைத் தூக்கினான். அடுத்த பந்து தென்னைமரங்களைத் தாண்டிப் போய் மறைந்தது. தார்ப்பாய்க்குள் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இரண்டு கரையும் இன்றுவரை பேசுகின்றன. இரண்டு பக்கமும் எறிந்த பையன்கள்தான் பாவம். எதை எறிந்தாலும் அடி. இவர்கள் நாலு ரன் எடுத்தால் அவர்கள் ஐந்து எடுத்தார்கள். பந்து பொறுக்கியே எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

"ரெண்டு மெஷினும் ஒரே கம்பெனிதான் போல. எல்லாப் பயலும் ஒரே மாதிரி அடிக்கிறான்" என்றார் போதகர்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நூரிஸ், லா பர்ராங்கா பையன்கள் அடித்தபோதும் எழுந்து நின்று கைதட்டினாள். ரதாமேஸ் பல்லைக் கடித்தார்.

"யாருக்குடி கைதட்டுற?"

"நல்ல அடிக்கு!"

கடைசி இன்னிங்ஸில் பதினெட்டுக்குப் பதினெட்டு. யெய்சன் முழங்கையைத் தூக்கினான். பந்து தேவாலயக் கூரையில் போய் விழுந்தது. லோஸ் கோகோஸ் ஜெயித்தது. தலைவரின் மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே எழுந்து வீட்டுக்குப் போனான். தலைவர் ரதாமேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மூலைக்கடையில் பாட்டும் பியரும் பொரித்த வாழைக்காயுமாக ஒரே அமளி. லியோகாதியோவும் வந்தான். தோற்றது ஒரே ஒரு ரன்னில் என்பதால் அவன் மீசையில் முறுக்குக் குறையவில்லை.

"உன் மெஷின் பரவாயில்லய்யா. ஆனா என்னுது கிட்ட வர முடியாது. தைரியம் இருந்தா நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மைதானத்துக்குக் கொண்டுவா. நானும் கொண்டாரேன். எதிரெதிரா நிறுத்துவோம்."

கடையே ஆரவாரம் செய்தது. தலைவர் மேஜையைத் தட்டி, "நடக்கட்டும்!" என்றார். வாசலில் நின்றிருந்த நூரிஸ் மட்டும் கையிலிருந்த வாழைக்காயைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

ரதாமேஸ் எழுந்தார். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கத்தான் எழுந்தார். ஆனால் அவள் தோளைப் பார்த்ததும் நினைத்த சாக்கெல்லாம் மறந்து போயிற்று. அன்று சிரித்த சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு சிரித்த இதே இடத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போய் அவள் கையைப் பிடித்துக் கடைக்கு நடுவே கூட்டிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கேளுங்க! தலைநகரத்துக் கடைக்காரன் அனுப்பின மூணு மெஷினும் குப்பை. தார்ப்பாய்க்குள்ள மெஷினே கிடையாது. இருந்தது என் பொண்டாட்டி! இந்தக் கையைப் பாத்து ஒருநாள் நான் சிரிச்சேன். சிரிச்சது முட்டாள்தனம். ரெண்டு கரையிலயும் இவளை மாதிரிப் பந்து போட ஆள் இல்ல, மெஷினும் இல்ல!"

நூரிஸின் கண் நிறைந்துவிட்டது. யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்க, ஊரே சேர்ந்து தட்டியது. ரதாமேஸின் நெஞ்சு அந்த நேரத்தில் இருந்த அகலத்துக்குச் சட்டைப் பொத்தான் தாங்கியதே பெரிய விஷயம்.

லியோகாதியோவுக்கு மட்டும் பியர் புரையேறி, இருமல் நிற்கவே இல்லை.

"என்னய்யா, பயந்துட்டியா? நாளைக்கு ஒன்பது மணி! என் நூரிஸா, உன் மெஷினான்னு பாத்துடலாம்!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார் ரதாமேஸ்.

வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த பாப்போ, நூரிஸைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ஏன்க்கா, நாளைக்கு ரெண்டும் ஒரே நேரமாமே. நான் தினமும் காலையில உங்களை எறக்கி விடுற லியோகாதியோ அண்ணன் சாக்குத் தடுப்புக்குள்ள போவீங்களா, இல்ல உங்க வீட்டுக்காரர் தார்ப்பாய்க்குள்ளயா?"