கொக்கி கேட்ட பாதித் தொட்டிக் கேள்வி

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். இரும்புத் தகடு வாங்கி, வெல்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வாயாலேயே அளவு சொல்லி ஏழாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி கட்டி லாரியில் ஏற்றினேன். நாலே நாளில் பிளந்துவிடும் என்றார்கள். பதினாறு வருஷம் ஓடியது. அருப்புக்கோட்டைக்கு வெளியே கரிசலில் போர் போட்டேன். முதல் நாலிலும் புழுதிதான் வந்தது. ஐந்தாவதில் இளநீர் மாதிரித் தண்ணீர் வந்தது. அப்புறம் இரண்டாவது லாரி, ஒரு லேத் பட்டறை, மாடி வீடு, முந்நூறு பேர் ஒரே பந்தியில் உட்காருகிற கல்யாண மண்டபம். எல்லாம், ஒரு கையெழுத்துப் போடக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் கட்டியது.

இத்தனை கட்டியவனால், பதினோரு வருஷம் முட்டி மோதியும், சொந்தத் தொட்டியில் சொந்தப் பெயரை ஏற்ற முடியவில்லை. காரணம் கொக்கி.

கொக்கியைப் போல ஒரு மனிதரை இந்த வறண்ட சீமை முன்னும் பெற்றதில்லை, இனியும் பெறப்போவதில்லை. அவர் தும்மினால்கூட அது கேள்வியாகத்தான் வரும். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லமாட்டார். பாம்பு ஒரு தடவை சாப்பிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று நம்மைத் திருப்பிக் கேட்பார். உருவமும் அதற்கேற்ற மாதிரிதான். தலையும் தோளும் முன்னால் வளைந்து, இடுப்புக்குக் கீழே குச்சியாக, அப்படியே ஒரு கேள்விக்குறி. அந்தக் குறியை எங்கள் பக்கம் கொக்கி என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது.

பஜாரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வருகிற பத்திரிகை, பாடப் புத்தகம், பஞ்சாங்கம் எதையும் வாசிக்காமல் வெளியே விடமாட்டார். வாசித்து முடித்ததும் அது வடைக் கடைக்கும் கடலைக் கடைக்கும் பொட்டலம் மடிக்கப் போய்விடும். புதுப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவது அவருக்குப் பிடிக்காது. சூடு ஆறட்டும் என்பார். ஆக, உலகத்தில் நடந்தது எல்லாம் அவருக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். தாள் கிழிந்திருந்தால் பாதிதான் தெரியும்.

நாங்கள் அறிமுகமானது ஒரு மோதலில். புதுத் தொட்டியோடு பஜாருக்குள் வருகிறேன். பாதித் தண்ணீரை வழியில் இறக்கியாகிவிட்டது. கடைக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. நின்ற வண்டி ஒரு யோசனைக்குப் பிறகு மறுபடி முன்னால் போய், அவருடைய தராசைச் சப்பையாக்கிவிட்டு நின்றது. இறங்கினேன். சண்டைக்கு நெஞ்சைத் தயார் பண்ணிக்கொண்டுதான் இறங்கினேன். அவர் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரேக்கு புடிச்சீகல்ல? வண்டி நின்னுச்சுல்ல? பெறகு எப்படி அண்ணாச்சி போச்சு?"

"பாதித் தண்ணியில்ல கெடக்கு. வண்டி நின்னாலும் அது நிக்குமா? முன்னால வந்து முட்டித் தள்ளிரும்."

"அப்ப நெறஞ்ச தொட்டி?"

"அது எருமை மாதிரி. சொன்ன எடத்துல நிக்கும்."

அவர் கண் விரிந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். தொட்டிக்குள்ளே குறுக்குத் தகடு வைத்தால் இந்த வம்பு குறையும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது வெல்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புதுத் தராசு வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன். அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டார். துருப் பிடிக்காமல் இருக்கத் தொட்டிக்கு வெளியே தார் பூசியிருந்தேன். அந்தக் கறுப்பு முதுகில் சாக்பீஸால் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளலாமா என்றார். எழுதினார்: தேனீக்கு எத்தனை கண்?

வேடிக்கை என்று நினைத்து வண்டியை எடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது கேள்விக்குக் கீழே ஐந்தாறு கையெழுத்து. பாலவனத்தம் டெய்லர் ‘இரண்டு’ என்று எழுதியிருந்தார். குமாரலிங்கபுரத்தில் மாவு மில் வைத்திருந்த அக்கா அதை அடித்துவிட்டு, ‘டெய்லர் அண்ணே, அளவு தப்பு. மூன்று’ என்று எழுதியிருந்தார். திருச்சுழியில் ஒரு கம்பவுண்டர், மருந்துச் சீட்டு எழுதுகிற அதே கிறுக்கலில், ‘ஐந்து’ என்று எழுதியிருந்தார். ஐந்துதான் சரி. மறுநாள் கொக்கி கம்பவுண்டரின் பெயரைத் தொட்டியின் பின்பக்கம் பெரிதாக எழுதி அனுப்பினார். அதுதான் பரிசு. அடுத்த ஆள் ஜெயிக்கிறவரை அந்தப் பெயர் ஊர் ஊராகப் போகும்.

சட்டதிட்டங்கள் தானாக வந்தன. பதிலைச் சீட்டில் எழுதிக் குழாய்ப் பக்கம் கட்டிய தகர டப்பாவில் போடவேண்டும். ஜெயித்தவர் அடுத்த கேள்வியைக் கேட்கலாம். யாரும் ஜெயிக்காவிட்டால் கொக்கி கேட்பார். கேட்கிறவருக்குப் பதில் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தில் மட்டும் அவர் எமன்.

காலையில் பாலவனத்தம் பக்கம் ஒரு நடை, மத்தியானம் திருச்சுழி பக்கம் ஒரு நடை. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு முதலில் தொட்டியைத்தான் வாசித்தார்கள். டெய்லரும் மாவு மில் அக்காவும் கம்பவுண்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருஷக்கணக்கில் ஆடினார்கள், ஏசிக்கொண்டார்கள், விசேஷ வீட்டுப் பலகாரம்கூட என் வண்டியில் கொடுத்துவிட்டார்கள். இப்போது என் மருமகன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களோடு கேள்வி-பதில் ஆடிவிட்டு, ஆன்லைன் என்று பெருமையடிக்கிறார். மாப்பிள்ளை, நாங்கள் அப்போதே லைனில்தான் ஆடினோம். டீசல் என்னுடையது.

எல்லார் பெயரும் ஏறி இறங்கியது, என் பெயரைத் தவிர. வீட்டில் மனைவி சொன்னாள்: "தொட்டி நம்மது. சாக்பீஸு எட்டணா. எழுதிக்கிட்டா யாரு கேக்கப் போறா?" யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் எழுதவில்லை. ஜெயித்து ஏறவேண்டும்.

ஒரு தடவை குறுக்கு வழியிலும் போய்ப் பார்த்தேன். கோடையில் அவர் வீட்டுத் தொட்டியை ஓசியில் நிரப்பிவிட்டு, நாளைக்குக் கேள்விக்குப் பதில் என்ன என்று காதோரம் கேட்டேன். தாராளமாக, "மூணு" என்றார். மறுநாள் கேள்வி, கங்காரு எந்த நாட்டு மிருகம். சண்டைக்குப் போனேன். பதில் மூணுதான் என்றும், கேள்வி இன்னும் வரவில்லை என்றும் சொல்லிவிட்டார். ஒரு மாதம் எந்தக் கேள்விக்கும் மூணு என்றே எழுதிப் போட்டேன். கடலில் பெரியது எது? மூணு. அப்புறம் வெறுத்துப் போய் விட்டுவிட்டேன். மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில் தொட்டியில் எழுதியிருந்தது: ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? நான் எட்டு என்று எழுதினேன்.

மழை பெய்த கதையும் உண்டு. ஒன்றரை வருஷம் சொட்டு இல்லாமல் காய்ந்து கிடந்து, ஒரு மத்தியானம் பஜாரே நடுரோட்டில் இறங்கி நனைந்தது. ஜவுளிக் கடைக்காரர் கண்ணீரும் மழையுமாக நிற்கிறார். கொக்கி மட்டும் குடையோடு ஓடி வந்து, லாரியின் பின்பக்கம் ஏறி, தொட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். அன்றைக்குத்தான் நல்ல கேள்வி எழுதியிருந்தாராம். நாளைக்குப் பெய்யக்கூடாதா என்று மேகத்தைப் பார்த்து அவர் கேட்டதை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு வாரம் அவருக்கு யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

இப்படி ஓடிய ஆட்டம் ஒரு ஒட்டகச்சிவிங்கியால் நின்றது. அதன் கழுத்தில் எத்தனை எலும்பு என்று கேட்டிருந்தார். டெய்லர் பதினெட்டு, கம்பவுண்டர் இருபத்தைந்து, மாவு மில் அக்கா ஏழு. மனுஷருக்கு உள்ளதுதான் அதற்கும் என்று காரணமும் எழுதியிருந்தார் அக்கா. கொக்கி தன் தாளை எடுத்துப் பார்த்தார். ‘அதன் கழுத்தில் உள்ள எலும்புகளின் எண்ணிக்கை’ என்பதோடு பக்கம் முடிந்திருந்தது. அடுத்த பக்கம் வடைக் கடைக்குப் போய்விட்டது.

மூன்று நாள் அந்த வடைக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வடை தின்கிறவர்களிடம் வடையை அடுத்த கைக்கு மாற்றச் சொல்லிவிட்டு எண்ணெய்த் தாளை வாங்கி வாசித்தார். வடைக் கடைக்காரர் கும்பிட்டு அனுப்பினார். நாலாம் நாள் தொட்டியில் எழுதினார்: பதில் எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்தது.

மதுரையில் ஒரு காலேஜ் வாத்தியாரை விசாரித்து, மாவு மில் அக்கா சொன்னதுதான் சரி என்று கம்பவுண்டர் எழுதி அனுப்பினார். கொக்கி அக்காவின் பெயரை ஏற்றினார். ஆனால் தெரியாமல் கேட்டவன் இனிக் கேட்கக்கூடாது என்று சாக்பீஸ் டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார். அடுத்த கேள்வி கேட்கவேண்டிய அக்காவும் கோபித்துக்கொண்டார். ஆள் இல்லாத ஆட்டத்தில் தனக்கு என்ன கேள்வி வேண்டிக் கிடக்கிறது என்றார்.

ஒரு மாதம் தொட்டி மொட்டையாக ஓடியது. பெண்கள் குடம் நிறைந்ததும் போய்விட்டார்கள். பாலவனத்தத்தில் டெய்லர், தைப்பதை விட்டுவிட்டு வந்து, கறுப்பு முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பதினோரு வருஷம் தோற்றவன் நான். ஒரு தடவைகூட ஜெயிக்கவிடாமல் ஆட்டத்தை மூடினால் என்ன நியாயம்? நேரே கடைக்குப் போனேன்.

"ஏன்யா, தாள்ல இருக்கிறது மட்டுந்தான் கேள்வியா? தாளையே பாக்காம நான் இத்தனையும் கட்டலையா?"

அவர் வளைந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார். "பதினோரு வருசமா தப்பாவே எழுதிப் போடுறீக. அலுக்கலையா அண்ணாச்சி?"

"அலுக்கல. எம் பேரு ஏறணும்."

சாக்பீஸ் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனால் தொட்டியில் புதிதாக எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ‘நிறைந்த தொட்டி, காலித் தொட்டி, பாதித் தொட்டி. ஓட்டுகிறவரை அதிகம் படுத்துவது எது? ஏன்?’

இரண்டாம் தடவை வாசித்துவிட்டு, வண்டியை எடுக்காமல் பென்சிலைத் தேடினேன். சீட்டு எழுத அரை மணி நேரம் ஆனது. பாதிதான். வண்டி நின்னாலும் தண்ணி நிக்காது என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தார்கள். டெய்லர், நிறைந்த தொட்டி, கனம் அதிகம். கம்பவுண்டர், நிறைந்த தொட்டி, கூடவே இரண்டு பக்கம் கணக்கு. மாவு மில் அக்கா, காலித் தொட்டி, வருமானம் இல்லை. கொக்கி என் சீட்டை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஏணி போட்டு ஏறி, இனிஷியலோடு என் பெயரை முழுசாக எழுதினார். பெயர் பின்பக்கம் இருந்ததால் அன்றைக்கு ஒவ்வொரு ஊருக்குள்ளும் ரிவர்ஸில் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் நேராகக் கேட்டேன்: "எனக்காகத்தான கேட்டீக?"

"உங்களுக்காகக் கேட்டா நீங்க தப்பால்ல எழுதுவீக. ஆக்டோபஸு மறந்துபோச்சா?"

அடுத்த கேள்வி கேட்கும் உரிமை எனக்கு. நான் கேட்டேன்: கொக்கியின் சொந்தப் பெயர் என்ன? நாற்பது சீட்டு வந்தது, நாற்பது பெயர். ஒவ்வொன்றையும் முகம் மாறாமல் பார்த்துத் தப்பு, தப்பு என்று ஒதுக்கினார். கடைசியில் எனக்குப் பதில் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஆகவே கேள்வி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒட்டகத்தைப் பற்றி அடுத்த கேள்வியை எழுதப் போய்விட்டார். ஆட்டம் இன்னும் நாலு வருஷம் ஓடியது. பிறகு ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, தொட்டியை எடைக்குப் போட்டேன். அவர் இன்னும் கடையில்தான் இருக்கிறார், இன்னும் கொஞ்சம் வளைந்து.

இதை இப்போது நான் சொல்லச் சொல்ல மருமகன் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பவுண்டர் அத்தனை வருஷத்து முடிவுகளையும் நோட்டில் குறித்து வைத்திருந்தாராம். போன மாதம் அதை நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். பாதித் தொட்டிக்கு நேரே, ‘சொந்த வண்டி பற்றிய கேள்வி, கணக்கில் இல்லை’ என்று போட்டிருக்கிறது. கம்பவுண்டர் அவர்களே, அதை அடியுங்கள். நின்றுபோன ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவன் நான். ஜெயித்தவன் நான். என் பெயரை இனிஷியலோடு போடுங்கள். கேட்டவர் என்ற இடத்தில் பெயர் வேண்டாம், ஒரு கொக்கி போட்டால் போதும்.

பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. இதை ஒரே தாளில் போடவேண்டும். ‘தொடர்ச்சி பின்னால்’ என்று வேறு தாளுக்குத் தள்ளக்கூடாது. அவர் இதைக் காசு கொடுத்து வாங்கமாட்டார். இரண்டு வருஷம் கழித்து எடைக்கு வரும்போதுதான் வாசிப்பார். முதல் தாள் மட்டும் அவர் கைக்குப் போய், இந்தத் தாள் வடைக் கடைக்குப் போனால், நான் இத்தனை கட்டினேன் என்பதுதான் அவருக்குப் போய்ச் சேரும். தராசை உடைத்த அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பதினோரு வருஷம் எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார் என்பது எனக்கும் தெரியும் என்பது, போய்ச் சேராது.